கழுவெளிச் சதுப்பு நிலமும் அதைச் சூழ்ந்த விவசாயமும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையேயுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் அமைந்த ஸ்தலமாகையால் வெளியூராரும் நன்கறிந்த கிராமமாகும். அப்பக்கத்துச் சமணக் குடும்பங்களிற் பல நெடுங்காலமாக விவசாயத்தையே ஜீவனமாகக் கொண்டவை. ஏரிப் பாய்ச்சலில் நெல்லும், மேட்டு நிலங்களில் மணிலாவும் அவ்வட்டாரத்தின் முக்கியப் பயிர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை தவறாது பெய்து ஏரிகள் பெருகிய வருஷங்களில், உழவு நடக்கும் வயல்களில் உண்ணிக் கொக்குகளும், தண்ணீர் நிற்கும் வயல்களில் அரிவாள் மூக்கன்களும் நத்தைகுத்தி நாரைகளும் இறங்கி மேய்வதைக் காணலாம். ஏரி வற்றத் தொடங்கியதும் இப்பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடுகின்றன. அவை போய்த் தங்கும் இடங்கள் கெட்டுப்போனால், அடுத்த வருஷம் வயலுக்குத் திரும்பி வருவனவும் குறையும் என்பது எளிதில் விளங்கக்கூடியதே. ஆயினும் அவ்விடங்களைப் பற்றி உள்நாட்டு விவசாயிகள் விசாரிப்பது அரிது.

அத்தகைய இடங்களுள் பெரியதும் அண்மையிலுள்ளதுமானது கழுவெளி. மேல்சித்தாமூரிலிருந்து தென்கிழக்கே, பறவை பறக்கும் நேர்வழியில் ஏறக்குறைய இருபத்தைந்து மைல் தூரத்தில், விழுப்புரம் ஜில்லாவின் வானூர், மரக்காணம் தாலுகாக்களில் இது பரந்து கிடக்கின்றது. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டு ஏரிக்கு அடுத்தபடியாக இதனையே பெரியதென்று சொல்வார்கள். தமிழ்நாடு அரசாங்கத்தார் 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், 1972-ம் வருஷத்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இதில் 5,151.60 ஹெக்டேர் பரப்பை, அதாவது சுமார் 12,700 ஏக்கரை, பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். சதுப்பு நிலங்களைக் காப்பதற்காக 1971-ல் ஈரான் தேசத்து ராம்சர் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1982 முதல் இந்தியாவும் அதில் ஓர் அங்கத்தினர். அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் கழுவெளி சேர்க்கப்பட்ட செய்தி 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெளியாயிற்று.

செஞ்சி வட்டாரத்து மழைநீர் பெரும்பாலும் சங்கராபரணியிற் சேர்ந்து, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகின்றது. அது கழுவெளிக்கு வருவதில்லை. ஆகவே மேல்சித்தாமூராருக்குக் கழுவெளியோடுள்ள சம்பந்தம் நீரால் ஏற்பட்டதன்று, பறவைகளால் ஏற்பட்டது. நீரால் சம்பந்தப்பட்டவர்கள் திண்டிவனத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும், வானூர் தாலுகாவிலும் உள்ள கிராமத்தார். கழுவெளியின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் சங்கிலி போல ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்துள்ளன.

இரு நீரும் கலக்கும் விதம்

கழுவெளி ஆழமுள்ள ஏரியன்று. தட்டையான களிமண் தரையின்மேல், பெரும்பாலான இடங்களில் மனிதன் இறங்கி நடக்கக்கூடிய அளவே நீர் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் மேல் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்த நீர் கீழ் ஏரிக்கும், அதிலிருந்து அதற்கடுத்த ஏரிக்கும் இறங்கி, கடைசியில் எஞ்சியது கழுவெளியில் வந்து விழுகின்றது. வடகோடியில் ஒரு நீண்ட ஓடையினாலும் எடையந்திட்டுக் கழிமுகத்தினாலும் இது கடலோடு இணைந்துள்ளது. ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் நிற்பது அக்கழிமுகத்தின் கரையில்தான்.

சோழமண்டலக் கரையில் கடலேற்றம் அதிகமில்லை. அமாவாசை, பௌர்ணமி நாட்களிலுங்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் மூன்றடிதான். ஆனால் தரை தட்டையாயிருப்பதால் ஓரடி ஏற்றமும் வெகுதூரம் பரவுகின்றது. ஆகையால் கழுவெளியின் தென்பகுதியில் நன்னீரும், நடுவே உவர்நீரும், வடக்கே கடலுக்குச் சமீபத்தில் உப்புநீரும் நிற்கின்றன. இந்த எல்லைகள் நிலையானவையல்ல. மார்கழியில் வெள்ளம் தள்ளும்போது நன்னீர் வடக்கே வெகுதூரம் செல்லும். மாசிக்குப் பின் வெயில் ஏற ஏற நீர் சுருங்கி, உப்பு தெற்கு நோக்கி நகரும். வைகாசியில் பெரும்பகுதி காய்ந்து வெடித்த சேறாகிவிடும்.

இவ்வாறு காய்வதைக் கண்டு, இது பயனற்ற பாழ்நிலம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. நீரில் வளர்ந்த பாசியும் கோரையும் புல்லும் காய்ந்த காலத்தில் மக்கத் தொடங்கி, அடுத்த மழையில் நீர் பரவியவுடன் அந்தச் சத்து முழுவதும் கரைந்து வெளிப்படுகின்றது. அதனால் புழுக்களும் சிறு நத்தைகளும் கொசுவின் குஞ்சுகளும் அளவின்றிப் பெருகும். கோடையில் உழுது ஆறப்போட்ட வயல் முதல் மழையில் எவ்வாறு செழிக்கின்றதோ, அதே நியாயம் இங்கும் பொருந்தும். வருஷம் முழுவதும் ஒரே மட்டமாக நீர் நிற்கும் தேக்கங்களில் இத்தனை உயிர்கள் காணப்படுவதில்லை.

பறவைகள்

மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிர்காலத்தில் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் பெருவழி இந்தியாவின்மேல் செல்கின்றது. அவ்வழியில் வருவனவற்றுள் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலிய வாத்தினங்கள் கழுவெளியின் நன்னீர்ப் பகுதியில் தங்குகின்றன. உள்ளான் வகைகளும் கருவால் மூக்கனும் சேறு வெளிப்பட்ட ஓரங்களில் அலகை நுழைத்துப் புழுக்களைத் தேடுகின்றன. மீசை ஆலா முதலிய ஆலாக்கள் நீரின்மேல் தாழப் பறந்து பூச்சிகளையும் சிறு மீன்களையும் பிடிக்கின்றன. இந்நாட்டிலேயே வாழும் கூழைக்கடா, கரண்டிவாயன் முதலியவை மீனுக்காக வருகின்றன. பூநாரை உப்பு மிகுந்த ஆழமில்லாத நீரை நாடும் பறவையாதலால், நீர் சுருங்கிய காலத்திலேயே அதற்குத் தகுந்த இடம் அமைகின்றது.

ஒரே இடத்தில் இத்தனை வகை கூடுவதற்குக் காரணம் நீரின் ஆழமும் உப்பும் இடத்துக்கிடம் மாறுபடுவதேயாகும். இரண்டங்குல நீரில் மேயும் உள்ளானுக்கு ஓரடி நீர் பயன்படாது. கூழைக்கடாவுக்கு இரண்டங்குல நீர் பயன்படாது. கடலேற்றமும் மழைவெள்ளமும் தடையின்றி வந்து போனால்தான் இந்த வித்தியாசங்கள் நிலைத்திருக்கும்.

பறவைகளால் விவசாயத்துக்கு உண்டாகும் அனுகூலத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை. நத்தைகுத்தி நாரையின் பிரதான ஆகாரம் வயலிலும் ஏரியிலும் உள்ள பெருநத்தை. அரிவாள் மூக்கன் நண்டு, நத்தை, புழு இவற்றை உண்கின்றது. உண்ணிக் கொக்கு ஏரின் பின்னாலும் மாட்டின் பின்னாலும் சென்று வெட்டுக்கிளிகளைப் பொறுக்குவது எல்லோரும் அறிந்ததே. குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் வெட்டுக்கிளிகளோடு எலிகளையும் பிடிக்கின்றன. மறுபக்கமும் உண்டு. வாத்துகள் இரவில் வயலில் இறங்கி நெல்லைத் தின்பதும், தாழைக்கோழி இளம்பயிரைக் கடித்து முறிப்பதும் பொய்யல்ல. கழுவெளி ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர் இந்த நஷ்டத்தைப் பற்றி முறையிட்டால், அதை அலட்சியம் செய்வது நியாயமாகாது. ஆனால் அதற்குப் பரிகாரமாக மருந்து தோய்த்த தானியத்தை வரப்பில் தூவுவது மிகவும் கொடியதாகும். தின்ற வாத்தும் சாகும், அதைத் தின்ற பருந்தும் சாகும். அவ்வாறு கொன்ற வாத்தைச் சந்தையில் வாங்கிச் சமைப்பவருக்கும் அபாயம் நீங்குவதில்லை. விஷமிட்டுக் கொல்வதும் வேட்டையே என்று சட்டம் வரையறுத்திருப்பதை அநேகர் அறியார்.

செங்கற்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கல் இவ்விஷயத்தில் நல்ல உதாரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவ்வூரார் தங்கள் ஏரியின் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை ஆட்சேபித்து, ஜில்லா அதிகாரியிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். ஜீவகாருண்யம் மட்டும் அதற்குக் காரணமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகின்றது என்பதை அவர்கள் அநுபவத்தால் கண்டிருந்தனர். மேல்சித்தாமூர்ச் சமண விவசாயிகளுக்குக் கொல்லாமை குலதர்மமாகையால், வலையும் துப்பாக்கியும் அவர்களுக்கு விலக்கானவை. பயிருக்குத் தெளிக்கும் மருந்தும் குருணை மருந்தும் வயலிலுள்ள தவளை, நத்தை வழியாகப் பறவையின் உடலைச் சேர்வதைப் பற்றி அங்கும் ஆலோசிக்க இடமுண்டு.

மீன், இறால், நண்டு

கழிமுகத்தின் மற்றொரு பயன் மீனுற்பத்தி. வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் நுண்ணிய குஞ்சுகள் கடலேற்றத்தோடு கழிக்குள் நுழைந்து, ஆழமில்லாத உவர்நீரில் சில மாதங்கள் வளர்ந்து, பருவமடையும் தருவாயில் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. மடவை, கொடுவா, பால்கெண்டை, சேற்று நண்டு முதலியவற்றுக்கும் கழி ஒரு நாற்றங்கால் போன்றது. நாற்றங்காலை அழித்துவிட்டு நடவை எதிர்பார்ப்பவர் யாருமில்லை. ஓடையின் ஓரங்களில் முன்னே அடர்ந்திருந்து பின் சிதைந்துபோன அலையாத்தி மரங்களின் வேர்களே இக்குஞ்சுகளுக்குச் சிறந்த மறைவிடமாகையால், அம்மரங்களை மீண்டும் வளர்ப்பது மீனவர்களுக்கு நேரான உதவியாகும்.

உப்பும் கிணறும்

நிலமுடையவர்கள் எல்லாவற்றிலும் அதிகமாகக் கவனிக்க வேண்டியது இப்பகுதியாகும். கடலோர மண்ணின் அடியில் நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயரம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி ஆழம் வரையில் நன்னீர் இருக்கும் என்பது பௌதிக சாஸ்திரிகளின் கணக்கு. இக்கணக்கு திரும்பியும் வேலை செய்யும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பதடி மேலேறும். ஏரிகளும் கழுவெளியின் தென்பகுதியும் மழைக்காலத்தில் நிரம்பி நிற்பது அந்த ஓரடியைக் காப்பாற்றுகின்றது. வானூர்ப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் வருஷந்தோறும் தாழ்ந்து வந்திருப்பதால், அந்த ஓரடியின் மதிப்பு முன்னிலும் அதிகமாகியுள்ளது.

உப்பேறிய நிலத்தில் விளைச்சல் எவ்வளவு குறையும் என்பதற்கும் அளவுண்டு. மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் அளவைத் தாண்டியபின், ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் நெல்லின் மகசூல் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு குறைகின்றது. மணிலா ஏறக்குறைய அதே அளவில் பாதிக்கப்படத் தொடங்கினாலும், அதன் நஷ்டம் அலகுக்கு நூற்றுக்கு 29 பங்கு ஆகும். அதாவது இரண்டலகு அதிகப்பட்டாலே மணிலாவில் பாதிக்கு மேல் போய்விடும். கடல்நீரின் அளவு சுமார் 50. ஆகையால் கடலுக்குச் சமீபமான கிராமங்களில் கோடைக்கு முன் ஒருமுறையும் கோடை முடிவில் ஒருமுறையும் கிணற்று நீரைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ருசியை நம்பியிருப்பது போதாது. நாக்குக்கு உப்பு தெரியும் முன்பே பயிருக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளக் காலத்தில் கழுவெளி வடிகாலாகவும் தொட்டியாகவும் உதவுகின்றது. சரணாலயத்தின் பரப்பு முழுவதும் ஓரடி உயரம் நீர் ஏறினால், அது ஏறக்குறைய 55 கோடி கன அடியாகும். செஞ்சிப் பக்கத்தார் நன்கறிந்த வீடூர் அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 60 கோடி கன அடி என்பதை ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலில், மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர், அதாவது இருபது அங்குலம், மழை பெய்தது. அப்படிப்பட்ட மழை மீண்டும் வரும்போது, தாழ்ந்த நிலம் திறந்து கிடந்தால் வெள்ளம் அங்கே பரவும். அதற்கு இடமில்லாவிட்டால் ஊருக்குள் பரவும்.

கழிமுகத்தில் அணை கட்டி உப்புநீரை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன என்ற கேள்வி கடலோர விவசாயிகளிடையே எழுவது இயல்பு. கிணற்றைக் காக்க விரும்புபவரைக் குறைகூற இடமில்லை. ஆனால் கதவுள்ள அணையாயினும் அதன் பயன் கதவைத் திறக்கும் காலத்தைப் பொறுத்தது. எந்நாளும் மூடிவைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, உவர்நீர்ப் பகுதி மறையும், பெருவெள்ளம் வடிய வழியின்றி மேல்நிலங்களை மூழ்கடிக்கும். கோடையில் உப்பின் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தி, மழைக்காலத்தில் முழுவதும் திறந்து, குஞ்சுகள் நுழையும் மாதங்களில் கடலேற்றத்துக்கு வழிவிடுவதே இரு சாராருக்கும் ஏற்றது. அதற்கு விவசாயிகளும் மீனவர்களும் வனத்துறையாரும் சேர்ந்து கால அட்டவணை வகுத்துக்கொள்ள வேண்டும். உப்பைத் தடுக்க இன்னும் எளிதான வழி ஒன்றுண்டு. மேலுள்ள ஏரிகளைப் பழுதுபார்த்து, உபரிநீர் கழுவெளிக்கு வந்துசேரும்படி செய்வதே அது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

சரணாலயமாக அறிவிப்பதற்கு முன் கழுவெளியின் ஓரங்களில் ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் பரவியிருந்தன. இறால் பண்ணையில் கட்டிய உப்புநீர் பக்கத்து நிலத்தில் கசிவதும், கழிவுநீர் ஓடையில் விடப்படுவதும் கடற்கரை ஜில்லாக்களில் அநேக வழக்குகளுக்குக் காரணமாயின. 1996-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், கடற்கரை ஒழுங்குமுறைப் பிரதேசத்துக்குள் இத்தகைய பண்ணைகள் கூடாதெனத் தீர்ப்பளித்தனர். பின்னர் 2005-ம் வருஷத்திய சட்டத்தின்படி கடலோர நீருயிர் வளர்ப்புக்கென்று ஓர் அதிகார சபை ஏற்பட்டு, பதிவு செய்த பண்ணைகளே நடத்தலாம் என்ற விதி வந்தது. தம் கிராமத்தில் புதிதாகக் குட்டை வெட்டப்படுவதைக் கண்ட கிராம நிர்வாக அலுவலர், பதிவு உண்டா என்று விசாரித்து மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது, பின்னால் வரும் வியாஜ்யங்களைத் தவிர்க்கும்.

சர்வே எல்லைக் கற்கள் உள்ளனவா என்று மழைக்கு முன் பார்த்துக்கொள்ளுதல் நலம். நீர் வற்றிய கோடையில் ஓர் ஏர் அகலம் உள்ளே உழப்படும். மறுவருஷம் அது வரப்பாகும், அதற்கடுத்த வருஷம் அனுபவ பாத்தியதை பேசப்படும். ஏரி ஆக்கிரமிப்பு பெரும்பாலும் இவ்விதமாகவே நிகழ்கின்றது. பொதுப்பணித் துறை ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007-ம் வருஷத்திய சட்டம் இடந்தருகின்றது. ஆயினும் முதல் வருஷத்தில் தடுப்பதைப்போல் பின்னால் அகற்றுவது எளிதன்று.

ஏரிகளுக்கிடையேயுள்ள உபரி வாய்க்கால்களே மிகவும் அசட்டை செய்யப்படுவன. வரத்து வாய்க்காலைத் தூர்வார ஆயக்கட்டுதாரர் முன்வருவார்கள். கலிங்கலுக்குக் கீழேயுள்ள வாய்க்கால் அடுத்த ஊரின் வேலையென்று விடப்பட்டு, சீமைக்கருவேல் மண்டிப்போகும். அதனால் வெள்ளத்தில் ஏரிக்கரை உடைவதும் உண்டு. புரட்டாசி முடிவதற்குள் இரு கிராமத்தாரும் சேர்ந்து கலிங்கலிலிருந்து அடுத்த ஏரி வரையில் நடந்து பார்த்து, அடைப்புள்ள இடங்களைத் திறந்துவிட வேண்டும். வெட்டிய கருவேல் மரத்தை வேரோடு எடுக்காவிட்டால் அது முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும் என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

மருந்து விஷயத்தில், மழை வரும் குறி தெரியும் நாளில் தெளிக்காதிருப்பதும், தெளித்த வயலின் நீரைச் சில நாட்கள் வெளியே விடாது வரப்பை அடைத்து வைப்பதும், மருந்துக் குப்பியை வாய்க்காலில் கழுவாதிருப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். மருந்தின் வீரியமும் அதனால் வீணாகாது.

கோடையில் கழுவெளி காய்ந்தபின் அங்கு உயிர் ஒன்றுமில்லை என்று எண்ணி வண்டிகளையும் ஆட்டு மந்தைகளையும் குறுக்கே ஓட்டுவது வழக்கமாயிருக்கின்றது. கழிகளின் காய்ந்த சேற்றிலும் உப்பளக் கரைகளிலும் சித்திரை, வைகாசியில் தரையிலேயே முட்டையிடும் சிறு பறவைகள் உண்டு. கூடென்று சொல்லத்தக்கது எதுவும் அவை கட்டுவதில்லை. குளம்புத் தடம் போன்ற ஒரு பள்ளமே போதும். முட்டை சேற்றின் நிறமும் புள்ளியும் கொண்டிருப்பதால் பத்தடி தூரத்திலும் தெரியாது. தாய்ப்பறவை தலைக்குமேல் சுற்றிக் கத்தினாலும், சிறகொடிந்தது போல நடித்துத் தரையில் இழுத்துச் சென்றாலும், முட்டை காலடிக்குச் சமீபத்தில் உள்ளதென்று அறிந்து வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.